முதல் டிஜிட்டல் பியானோ: காசைக் கட்டையில் போடுங்கள்

பிள்ளையைப் பியானோ வகுப்பில் சேர்த்த மறுவாரமே வீட்டில் அந்தக் கேள்வி வந்துவிடும்: பழக என்ன வாங்குவது? கடைக்குப் போனால் 8,000 ரூபாய்க்கும் ஒன்று இருக்கிறது, 80,000 ரூபாய்க்கும் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள். இரண்டிலும் அழுத்தினால் சத்தம் வருகிறது. போதாக்குறைக்கு, விலை குறைந்ததில் நூற்றுக்கு மேல் ஒலிகள், தாளங்கள், பளிச்சென்று ஒரு திரை. விலை கூடியதில் பத்துப் பதினைந்து ஒலிகள், நாலைந்து பட்டன், அவ்வளவுதான். 'இதுக்கா இவ்வளவு காசு?' என்று யாருக்கும் தோன்றும்.

அந்தக் காசு போயிருப்பது பெரும்பாலும் கட்டைகளுக்குள். அழுத்தும்போது விரலுக்கு என்ன கனம் தெரிகிறது, அழுத்திய வேகத்தைக் கருவி எவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொள்கிறது, எவ்வளவு சீக்கிரம் கட்டை மேலே திரும்பி வருகிறது என்பதற்குத்தான் விலை. புதிதாகப் பியானோ பழகுகிறவருக்கு இதைவிட முக்கியமான விஷயம் வேறு இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல, நிஜப் பியானோவுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

1700 வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபரி என்பவர் பியானோவை உருவாக்கினார். அதற்கு முன் ஐரோப்பாவில் புழங்கிய ஹார்ப்சிகார்டில், கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முனை கம்பியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு சத்தம்தான். கிறிஸ்தோஃபரி சுண்டும் முனையை எடுத்துவிட்டுச் சுத்தியலை வைத்தார். மெல்ல அழுத்தினால் சுத்தியல் மெல்லத் தட்டும், வேகமாக அழுத்தினால் பலமாகத் தட்டும். பியானோ என்றால் இத்தாலிய மொழியில் மெதுவாக, ஃபோர்த்தே என்றால் பலமாக. இரண்டையும் வாசிக்க முடிந்ததால்தான் கருவிக்கு அந்தப் பெயரே வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: கட்டை கீழே இறங்கும் தூரம் சுமார் 10 மில்லிமீட்டர்தான். சுத்தியல் கம்பியில் பட்டவுடன் உடனே பின்வாங்கிவிடும். அதற்கப்புறம் கட்டையை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அந்த ஒலியின் பலத்தில் எந்த மாற்றமும் வராது. ஆக, வாசிப்பவர் சொல்ல நினைப்பதையெல்லாம் அந்த ஒரு சென்டிமீட்டர் பயணத்தின் வேகத்தில்தான் சொல்லியாக வேண்டும். பியானோ பழகுவதில் பெரும்பகுதி இந்த வேகத்தை விரல் நுனியில் ஆளப் பழகுவதே.

டிஜிட்டல் பியானோவில் கம்பி கிடையாது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இரண்டு சென்சார், நல்ல மாடல்களில் மூன்று, இருக்கும். கட்டை இறங்கும்போது முதல் சென்சாரைத் தொட்டு, பிறகு இரண்டாவதைத் தொடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துக் கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்று உள்ளே இருக்கும் சிப் கணக்கிட்டு, அதை 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக மாற்றுகிறது. இந்த எண் முறை 1983-இல் வந்த மிடி என்ற பொது விதிமுறையிலிருந்து வருவது. எந்த நிறுவனத்தின் கருவியை எந்தக் கணினியோடு இணைத்தாலும் பேசிக்கொள்வது இதனால்தான். அந்த எண்ணுக்கு ஏற்ப, ஒரு பெரிய கிராண்ட் பியானோவில் முன்பே பதிவு செய்து வைத்த ஒலி ஸ்பீக்கரில் வருகிறது. மெல்ல வாசித்தபோது ஒரு பதிவு, பலமாக வாசித்தபோது வேறொரு பதிவு என்று பல அடுக்குகளாகப் பதிந்திருப்பார்கள். பலமாகத் தட்டினால் கம்பி வெறும் சத்தத்தை மட்டும் கூட்டுவதில்லை, ஒலியின் நிறமே கூர்மையாகிவிடும். அதைப் பிடிக்கத்தான் இத்தனை அடுக்குகள். சில மாடல்கள் பதிவைக் குறைத்துக்கொண்டு, கம்பியின் அதிர்வையே கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்கும்.

மூன்றாவது சென்சார் எதற்கு? ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப வேகமாகத் தட்டும்போது, கட்டை முழுக்க மேலே வராமலேயே அடுத்த தட்டலைக் கருவி உணர்ந்துகொள்ளும். முதல் வருடம் இது பெரிதாகத் தெரியாது. பின்னால் தெரியும்.

அப்புறம் கனம். டிஜிட்டல் பியானோவில் கட்டைக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு சிறு சுத்தியல் எடை இருக்கிறது; கம்பியைத் தட்டுவதற்கில்லை, விரலுக்கு எதிர்ப்புக் கொடுப்பதற்கு. இதைத்தான் ஹேமர் ஆக்‌ஷன் என்கிறார்கள். நிஜப் பியானோவைப் போலவே இடதுபக்கத் தாழ்ந்த ஸ்வரங்களில் கட்டை கொஞ்சம் கனமாகவும், வலதுபக்கம் போகப்போக இலேசாகவும் இருந்தால் அது கிரேடட் ஹேமர் ஆக்‌ஷன். விலை குறைந்த கீபோர்டில் எடைக்குப் பதில் ஸ்பிரிங் இருக்கும். தொட்டால் இறங்கிவிடும், விட்டால் துள்ளி எழும்.

விலை மிகவும் குறைந்த கீபோர்டுகளில் அழுத்தும் வேகத்தையே கருவி கண்டுகொள்ளாது. எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம். இதில் பியானோ பழகுவது, ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிளை மிதித்து ஓட்டப் பழகுவது போலத்தான். கால் நன்றாகச் சுற்றும், ஆனால் தெருவில் இறங்கியதும் விழ வேண்டியதுதான். வகுப்பில் டீச்சருடைய பியானோவில் உட்காரும்போது சுண்டுவிரலுக்குச் சத்தமே வரவில்லை என்று பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

கீபோர்டு யாருக்கு

கீபோர்டு மட்டம் என்று சொல்ல வரவில்லை. சினிமாப் பாட்டு வாசிக்க வேண்டும், பின்னால் தாளம் ஓட வேண்டும், நாதஸ்வரமும் புல்லாங்குழலும் ஒரே பெட்டியில் வேண்டும் என்றால் கீபோர்டுதான் சரி. மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவருக்கு ஹேமர் ஆக்‌ஷன் கை வலிதான் தரும். கர்நாடக சங்கீதம் வாசிக்க விரும்புகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே எதுவும் கிடையாது, கமகம் வராது. கீபோர்டில் பிட்ச் பெண்ட் சக்கரம் இருந்தால் ஸ்வரத்தை வளைத்து ஓரளவு கமகத்தைக் கொண்டுவரலாம். பல டிஜிட்டல் பியானோக்களில் அந்தச் சக்கரமே இருக்காது.

தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் முதலிலேயே தெளிவாகிவிடுங்கள். நம் ஊரில் பல பிள்ளைகள் எழுதும் டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வில் பியானோ தனிப் பாடம், எலக்ட்ரானிக் கீபோர்டு தனிப் பாடம். பாடத்திட்டமும் வேறு, எதிர்பார்ப்பும் வேறு. இன்னொரு பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் பக்கம் போனால் பியானோதான். 'கீபோர்டில் ரெண்டு கிரேடு முடிக்கட்டும், அப்புறம் பியானோவுக்கு மாத்திக்கலாம்' என்று யாராவது சொன்னால், மாறும்போது கையைத் திரும்பப் பழக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

5 வயதுக் குழந்தை, ஆர்வம் நிற்குமா என்று தெரியவில்லை, 50,000 ரூபாய் போட மனசு வரவில்லை என்றால்? தட்டும் வேகத்தை உணரும் 61 கட்டை கீபோர்டை வாங்கி ஒரு வருடம் ஓட்டலாம். பெட்டியில் 'டச் ரெஸ்பான்ஸ்' அல்லது 'டச் சென்சிட்டிவ்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் பியானோ பழக வேண்டாம்.

நிஜப் பியானோவே வாங்கிவிடலாமே என்று கேட்கிற வசதி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவரோரம் வைக்கும் சாதாரண அப்ரைட் பியானோவே 200 கிலோவைத் தாண்டும். உள்ளே 200-க்கும் மேற்பட்ட கம்பிகள், டன் கணக்கில் இழுவிசை. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் மரம் உப்பும், கம்பி துருப்பிடிக்கும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது கம்பிகளுக்குச் சுருதி சேர்க்கும் டியூனரை வரவழைக்க வேண்டும். பெரிய ஊர்களுக்கு வெளியே அவரைத் தேடிப் பிடிப்பதே பாடு. அந்த ஒலிக்கும் அதிர்வுக்கும் ஈடில்லை என்பது உண்மைதான். முதல் மூன்று நான்கு வருடங்களுக்கு அது அவசியமில்லை என்பதும் உண்மை.

கடையில்

சென்னை அண்ணா சாலையில் 1842-இலிருந்து இருக்கும் முசே மியூசிக்கல் போன்ற பழைய கடையாக இருந்தாலும் சரி, உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும் சரி, நேரில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் 2,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் கட்டையின் கனத்தைப் படத்தில் பார்க்க முடியாது.

வாசிக்கவே தெரியாவிட்டாலும் சோதித்துப் பார்க்கலாம். முதலில் விற்பனையாளரிடம் சொல்லி ரிவெர்ப் என்ற எதிரொலியை அணைக்கச் சொல்லுங்கள். கடைகளில் அதைத் தாராளமாக ஏற்றி வைத்திருப்பார்கள். எந்தப் பெட்டியும் அதில் கச்சேரி மண்டபம் மாதிரி ஒலிக்கும். உங்கள் ஹெட்போனைக் கொண்டுபோயிருந்தால் அதை மாட்டிக்கொள்ளுங்கள். இப்போது நடுவில் ஏதாவது ஒரு வெள்ளைக் கட்டையை மிக மிக மெதுவாக அடிவரை இறக்குங்கள். சத்தம் வராது, அல்லது வந்தும் வராமல் இருக்கும். நிஜப் பியானோவிலும் அப்படித்தான். சுத்தியல் கம்பிவரை போய்ச் சேர்ந்திருக்காது. அடுத்து அதே கட்டையை இலேசாக, கொஞ்சம் அழுத்தமாக, நன்றாக ஓங்கி என்று நாலைந்து படிகளில் தட்டுங்கள். சத்தம் மட்டும் ஏறுகிறதா, ஒலியின் தன்மையும் மாறுகிறதா என்று கேளுங்கள். இரண்டு படிகளுக்கு நடுவே திடீரென்று தாவினால் அந்த மாடலில் ஒலி அடுக்குகள் குறைவு.

பிறகு ஒரு கறுப்புக் கட்டையை அதன் நுனியில் தட்டிப் பாருங்கள், அதையே உள்பக்கமாக, பெட்டியை ஒட்டிய இடத்தில் தட்டிப் பாருங்கள். உள்பக்கம் போகப்போகக் கட்டை விறைப்பாகும். எல்லாப் பியானோவிலும் கொஞ்சம் உண்டு. ஒல்லியான, அடக்கமான பெட்டிகளில் அதிகம், ஏனென்றால் கட்டையின் மறைந்த பகுதி நீளம் குறைவு. இந்த இடத்தில் இரண்டு மாடல்களை அடுத்தடுத்துத் தொட்டுப் பார்த்தால் விலை வித்தியாசம் விரலுக்கே விளங்கிவிடும். கடைசியாக, ஒலியை நீட்டிக்கும் பெடலை மிதித்தபடி ஒரு தாழ்ந்த ஸ்வரத்தைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஒலி பல வினாடிகள் நின்று இயல்பாகத் தேய்ந்து மறைய வேண்டும். சட்டென்று அறுந்தாலோ, ஒரே துண்டு சுற்றிச் சுற்றி வருவது காதுக்குத் தெரிந்தாலோ தள்ளிவையுங்கள்.

விளம்பரத் தாளில் இருக்கும் எண்களில் இரண்டைப் பார்த்தால் போதும். ஒன்று 88. முழுப் பியானோவில் 52 வெள்ளை, 36 கறுப்பு, ஆக 88 கட்டைகள். இரண்டாவது பாலிஃபனி: ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் சேர்ந்து ஒலிக்கலாம் என்ற கணக்கு. இருப்பது பத்து விரல்தானே, 64 எதற்கு என்று தோன்றும். பெடலை மிதித்துக்கொண்டு வாசிக்கும்போது பழைய ஸ்வரங்களும் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரு ஸ்வரத்துக்கே இரண்டு ஒலிகள் செலவாவதும் உண்டு. எல்லை தாண்டினால் பழையது வெட்டுப்படும். ஆரம்பத்துக்கு 64 தாராளம். 128-உம் 192-உம் இருந்தால் நல்லது, அதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

மாடல் பெயர் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். நான் எழுதும்போது நுழைவு வரிசையில் யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10, கேசியோ சிடிபி-எஸ்110 ஆகியவை இருக்கின்றன. மூன்றும் 88 கட்டை, மூன்றிலும் ஹேமர் ஆக்‌ஷன். விலை ஏறி இறங்கினாலும் பொதுவாக 40,000 முதல் 60,000 ரூபாய்க்குள் பேச்சு நடக்கும். யமஹாவின் கட்டை கொஞ்சம் இலேசு, பயன்படுத்தச் சுலபம், பாலிஃபனி 64. ரோலண்டில் மூன்று சென்சார், பாலிஃபனி 96, கட்டை கனமானது, ஸ்பீக்கர் சுமார்தான். கேசியோ பத்தரைக் கிலோதான், பேட்டரியிலும் ஓடும், கரண்ட் போகும் ஊருக்கு வசதி. இந்த மூன்றில் ஒன்றை எடு என்றால் நான் எஃப்பி-10-ஐத்தான் எடுப்பேன், கட்டைக்காக. சின்ன விரல்களுக்கு அது கனம் என்று சொல்கிறவர்களும் உண்டு. பிள்ளையையே உட்காரவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு படி மேலே யமஹா பி-225, ரோலண்ட் எஃப்பி-30எக்ஸ், கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100, காவாய் இஎஸ்120 என்று இருக்கின்றன. ஸ்பீக்கரும் ஒலியும் அங்கே நன்றாகவே மேம்படும்.

பியானோ விலையோடு கணக்கு முடியாது. ஸ்டாண்டு, ஸ்டூல், நல்ல பெடல், ஹெட்போன் எல்லாம் சேர்ந்து இன்னொரு பத்தாயிரம் வரை இழுக்கும். பேரம் பேசும்போது இவற்றைச் சேர்த்துப் பேசுங்கள். பியானோவில் குறைக்காத கடைக்காரர் ஸ்டாண்டில் இறங்கி வருவார்.

பழையது வாங்குவதானால், இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை கறுப்பு வெள்ளை ஒன்றையும் விடாமல், ஒரே அழுத்தத்தில் 88-ஐயும் தட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு கட்டைகள் மட்டும் திடீரென்று கத்தினாலோ, ஊமையாக இருந்தாலோ அடியில் இருக்கும் ரப்பர் காண்டாக்டில் தூசு சேர்ந்திருக்கலாம். சுத்தம் செய்தால் சரியாகும், ஆனால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கட்டை இறங்கும்போது 'டக்' என்று பிளாஸ்டிக் மோதும் சத்தம் வந்தால் மெத்தைத் துணி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியானால் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 100 அல்லது 110 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகியதும் போய்விடும்.

வீட்டில்

பெட்டியின் நீளம் சுமார் 132 சென்டிமீட்டர். இடத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். பல மாடல்களில் ஸ்பீக்கர் அடிப்பக்கத்தில் இருக்கும்; கட்டிலிலோ துணி விரித்த மேசையிலோ வைத்தால் ஒலி அமுங்கிவிடும். எக்ஸ் வடிவ ஸ்டாண்டு மலிவு, ஆனால் பலமாக வாசித்தால் ஆடும், முழங்கால் இடிக்கும். அந்த மாடலுக்கென்றே வரும் மர ஸ்டாண்டு, இல்லையென்றால் இசட் வடிவ இரும்பு ஸ்டாண்டு நல்லது.

உட்காரும் உயரத்தைப் பலரும் கண்டுகொள்வதில்லை. கட்டையில் விரல் வைத்திருக்கும்போது முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வர வேண்டும். கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அது நடக்காது. உயரமும் போதாது, கைப்பிடி முழங்கையை இடிக்கும். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டூல் வாங்குங்கள். குழந்தைக்குக் கால் தரையில் எட்டவில்லை என்றால் கீழே ஒரு மணையைப் போடுங்கள். கால் தொங்கினால் முதுகு வளையும், முதுகு வளைந்தால் மணிக்கட்டு தொங்கும்.

பெட்டியோடு வரும் சின்னச் சதுரப் பெடல் நம் டைல்ஸ் தரையில் மிதிக்க மிதிக்க நகர்ந்து சுவர்வரை போய்விடும். ரப்பர் மேட்டின் மேல் வையுங்கள், அல்லது நிஜப் பெடல் வடிவத்தில் உலோகத்தில் வருவதைத் தனியாக வாங்குங்கள். இன்னொரு விஷயம்: பெடலை மிதித்துக்கொண்டே பியானோவை ஆன் செய்தால் சில மாடல்களில் பெடல் தலைகீழாகிவிடும். மிதிக்காதபோது ஒலி நீளும், மிதித்தால் அறுபடும். பழுது என்று பயந்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் போதும்.

ஹெட்போன் ஜாக் சில மாடல்களில் பழைய பெரிய அளவு, 6.3 மில்லிமீட்டர், சின்ன பின்னுக்கு ஒரு கன்வெர்ட்டர் தேவைப்படும். ஒயர் ஹெட்போனே வையுங்கள். புளூடூத் ஹெட்போனில் கட்டையைத் தட்டியதற்கும் ஒலி காதுக்கு வருவதற்கும் இடையே தாமதம் இருக்கும், வாசிக்கவே முடியாது. டிஜிட்டல் பியானோவில் 'புளூடூத் ஆடியோ' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் போனில் ஓடும் பாட்டைப் பியானோ ஸ்பீக்கரில் கேட்பதற்கு மட்டும்தான்.

ஹெட்போன் போட்டுவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்று அடுக்குமாடியில் இரவு 11 மணிக்கு வாசிக்கத் தொடங்குவார்கள். இசை வெளியே கேட்காது, சரி. ஆனால் கட்டை மோதும் 'டொக் டொக்' ஸ்டாண்டு வழியாகத் தரைக்கு இறங்கிக் கீழ்வீட்டு மாமாவின் தலைக்கு மேல் கேட்கும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடிமனான ரப்பர் விரிப்புப் போடுங்கள்.

வால்யூமைப் பாதிக்கு மேல் வையுங்கள். வெட்கத்தில் வால்யூமை அடியில் வைத்துக்கொண்டு பழகுகிறவர்கள், சத்தம் கேட்பதற்காக எல்லாவற்றையும் ஓங்கி அடிக்கப் பழகிவிடுகிறார்கள். மெல்ல வாசிப்பது என்ற ஒன்றே கைக்கு வராமல் போகும். டச் சென்சிட்டிவிட்டி அமைப்பை 'மீடியம்' அல்லது 'நார்மல்' என்பதிலேயே விட்டுவிடுங்கள்.

முதல் வாரங்கள்

கட்டைகளைப் பாருங்கள். கறுப்பு இரண்டு, கறுப்பு மூன்று, மறுபடி இரண்டு, மூன்று என்று போகும். இரண்டு கறுப்பு சேர்ந்திருக்கும் இடத்தில், அவற்றுக்கு இடப்பக்கம் ஒட்டி இருக்கும் வெள்ளைதான் சி என்ற ஸ்வரம். வலக்கோடியில் இருக்கும் கடைசிக் கட்டையையும் சேர்த்து எட்டு சி இருக்கின்றன. இடமிருந்து நான்காவது நடு சி, ஆங்கிலத்தில் மிடில் சி என்று எல்லாப் புத்தகங்களும் தொடங்குகிற இடம். இது தெரிந்தால் கட்டையின் மேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை. ஒட்டினால் கண் ஸ்டிக்கரை விட்டு நகராது, உரிக்கும்போது பசையும் நிற்கும்.

கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5, இரண்டு கைக்கும் அப்படியே. ஆர்மோனியம் பழகியவர்கள் விரலை நீட்டித் தட்டையாக வைத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒதுக்கிவிட்டு மூன்று விரலால் ஓட்டிவிடுவார்கள். பியானோவில் பத்தும் வேலை செய்ய வேண்டும். வலது கட்டைவிரலை நடு சி-யில் வைத்து, அடுத்தடுத்த ஐந்து வெள்ளைக் கட்டைகளில் ஐந்து விரலையும் இறக்குங்கள். விரல் வளைந்து நுனி தொட வேண்டும். 1-2-3-4-5, திரும்ப 5-4-3-2-1. சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம். நான்காவது விரல் எப்போதும் மங்கலாகத்தான் ஒலிக்கும், ஐந்தும் ஒரே பலத்தில் ஒலிக்கும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். இடக்கையைத் தனியாக, அப்புறம் இரண்டும் சேர்த்து. தினம் 15, 20 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட இது எவ்வளவோ மேல்.

கொஞ்சமாவது பாட்டுக் கேட்டுப் பழகிய காதாக இருந்தால் ஒரு விளையாட்டுச் சொல்கிறேன், சலிப்புத் தட்டும்போது உதவும். சி-யை ஸட்ஜமமாக வைத்து அடுத்த சி வரை வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசியுங்கள், அது சங்கராபரணம். மேற்கில் சி மேஜர் என்பார்கள். அதே வெள்ளைக் கட்டைகளை டி-யிலிருந்து டி வரை வாசித்தால் கரஹரப்பிரியா. இ-யிலிருந்து தோடி, எஃப்-இலிருந்து கல்யாணி, ஜி-யிலிருந்து ஹரிகாம்போஜி, ஏ-யிலிருந்து நடபைரவி. ஒரு கறுப்பைக்கூடத் தொடாமல் ஆறு மேளகர்த்தா ராகங்களின், அதாவது ஏழு ஸ்வரமும் கொண்ட தாய் ராகங்களின், ஸ்வரங்கள் கைக்கு வந்துவிடும். பி-யில் தொடங்கினால் மட்டும் பஞ்சமம் சரியாக அமையாது, அதனால் அங்கே மேளகர்த்தா இல்லை. கமகம் இல்லாத தோடி தோடியே இல்லை என்று பாட்டு டீச்சர் சொல்வார், அவர் சொல்வது சரிதான். இது விரலுக்கும் காதுக்கும் பயிற்சி, அவ்வளவே.

வீட்டில் யாராவது பாடினால், வாசிக்கும் இடத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் வசதி கைகொடுக்கும். பாடுகிறவர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்: 1 கட்டை என்றால் சி, 2 கட்டை டி, 5 கட்டை ஜி, ஐந்தரை என்றால் ஜி-க்கு அடுத்த கறுப்பு. அம்மாவுக்கு ஐந்தரைக் கட்டை சுருதி என்றால் டிரான்ஸ்போஸை மைனஸ் 4-இல் வைத்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு சி-யிலிருந்தே வாசிக்கலாம். முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை பஜனைக்கு மாற்றியதை மறந்துவிட்டு, சனிக்கிழமை பாடப் புத்தகத்தோடு யூடியூபைச் சேர்த்து வாசித்தால் எல்லாமே அபஸ்வரமாகக் கேட்கும். பழி பியானோ மேல் விழும்.

போன் செயலிகள் பற்றியும் சொல்ல வேண்டும். யுஎஸ்பி ஒயரால் போனை இணைத்தால், நீங்கள் சரியான கட்டையைத்தான் தட்டினீர்களா என்று சிம்ப்ளி பியானோ போன்ற செயலிகள் மிடி வழியாகக் கண்டுபிடித்துவிடும். முதல் சில வாரம் உற்சாகமாக இருக்கும். மேலிருந்து வண்ணக் கட்டங்கள் விழும் வகை வீடியோக்களில்தான் எனக்குச் சம்மதமில்லை. கண் கட்டத்தைத் துரத்தும், பாட்டு மனசில் தங்காது, திரை இல்லாவிட்டால் ஒரு வரிகூட வராது. விரல் மடங்கியிருக்கிறதா, தோள் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று எந்தச் செயலியும் பார்ப்பதில்லை. முதல் ஆறு மாதமாவது ஒரு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. அவர் இல்லாத நாளில் போனைப் பக்கவாட்டில் நிறுத்தி உங்கள் கையை வீடியோ எடுத்துப் பாருங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. டியூனிங் கிடையாது. வாசிக்காதபோது பருத்தித் துணியால் மூடுங்கள். தூசுக்கு மட்டுமல்ல, பல்லிக்கும்தான். கட்டை இடுக்கில் பல்லி முட்டை வைத்த கதைகளை எந்த சர்வீஸ்காரரைக் கேட்டாலும் சொல்வார். ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும், சானிடைசரும் கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டாம். காபி டம்ளரை மேலே வைக்காதீர்கள். மின்சாரச் செலவு சில வாட்தான், இன்வெர்ட்டரில் தாராளமாக ஓடும். இடி மின்னல் நேரத்தில் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள்.

அட்டைப் பெட்டியையும் தெர்மகோலையும் பரணில் போட்டு வையுங்கள். வீடு மாறும்போதும், வாரண்டிக்குள் சர்வீஸுக்கு அனுப்பும்போதும் 132 சென்டிமீட்டர் நீளப் பியானோவுக்கு ஏற்ற அட்டைப் பெட்டியை வேறெங்கும் போய்த் தேட முடியாது. நாலைந்து வருடம் கழித்து இதைக் கொடுத்துவிட்டுப் பெரியதாக மாற்றும்போது, பெட்டியும் பில்லும் அடாப்டரும் ஒன்றாக இருந்தால் விலையும் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.